காவியம் என்றால் எவ்வளவு பெரிது?

கேள்வி – 2024 மே 4

ஐயா, எங்கள் பாடசாலையின் ஆண்டு மலருக்காக விபுலானந்த அடிகளின் யாழ் நூலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்கு ‘அடிகளார் தந்த இசைக் காவியம்’ என்று தலைப்பிட்டேன். மலர்க் குழுவிலுள்ள ஆசிரியர் ஒருவர், காவியம் என்பது கதை சொல்லும் செய்யுள், யாழ் நூலோ ஆராய்ச்சி, ஆகவே தலைப்புப் பிழை என்கிறார். ஒருவருடைய மிகப் பெரிய படைப்பைக் காவியம் என்று சொல்வது இன்று எல்லோரிடமும் உள்ள வழக்கம்தானே? (கல்முனை வாசகர்)

2024 மே 5, காலை

ஆசிரியர் சொன்னது பாதி சரி. யாழ் நூலில் கதையும் இல்லை, கதைத் தலைவனும் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் இருபத்தைந்து அடிகளுக்கு விரிவுரையாகத் தொடங்கி, பழந்தமிழர் யாழ்களின் அமைப்பையும் பண்களையும் சுருதிக் கணக்கையும் ஆராய்ந்து செல்லும் நூல் அது. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குச் சொல்லும் இலக்கணத்தை எடுத்து அதன்மேல் வைத்தால் எந்த மூலையிலும் பொருந்தாது. வாழ்த்து, வணக்கம், வருபொருள் ஆகியவற்றுள் ஒன்று முன்னே வரவேண்டும், அறம் முதலிய நான்கு பொருளும் பயக்கவேண்டும், தன்னிகர் இல்லாத் தலைவன் ஒருவன் வேண்டும், மலை, கடல், நாடு, நகர், பருவம், இருசுடர்த் தோற்றம் என்று வருணனைகளும் வேண்டும் என்பது தண்டியாசிரியர் கேட்பது. அந்த நான்கு பொருளில் குறைபாடு இருந்தால் அது வெறும் ‘காப்பியம்’.

பாதி சரி என்றதற்குக் காரணம் இருக்கிறது. வடமொழியில் காவ்யம் என்பது கவியினுடையது, அவ்வளவுதான். கதை இருக்கவேண்டும், நீளமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லுக்குள் இல்லை; பெரியதைக் குறிக்க வேண்டியபோது ‘மகா’வை முன்னே சேர்த்துக்கொண்டார்கள். மேகதூதம் நூற்றுச் சொச்சம் பாடல்களில் முடிந்துவிடுகிறது, அதையும் காவியம் என்றே சொல்கிறார்கள். தமிழில் அந்தச் சொல் காப்பியம் என்றும் காவியம் என்றும் இரண்டு உருவில் வந்து சேர்ந்தது. சிலப்பதிகாரம் தன்னைக் காப்பியம் என்று எங்கும் சொல்லிக்கொள்வதில்லை, அந்தச் சொல்லே அதில் கிடையாது. பதிகத்தில் இளங்கோவடிகள் ‘நாட்டுதும் யாமோர் பாட்டுடைச் செய்யுள்’ என்கிறார். பாட்டை உடைய செய்யுள் என்று சொல்லி விட்டுவிட்டார், அதன் பெருமையைப் பற்றி அவர் பேசவில்லை.

2024 மே 5, இரவு

வழக்கம்தானே என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். வழக்கம்தான், எங்கிருந்து வந்த வழக்கம் என்பதையும் பார்க்கவேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது திரைப்பட விளம்பர வண்டி ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். அதில் பேசுபவர் ஓடிய படங்கள் எல்லாவற்றையும், இரண்டாம் நாளே எடுத்துவிட்ட படங்கள் உட்பட, காதல் காவியம், சோகக் காவியம், குடும்பக் காவியம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். இன்று நீங்கள் சொல்லும் பொருளில் பெரும்பங்கு அந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பது என் எண்ணம்.

2024 மே 8

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது.

1997இல் நான் மட்டக்களப்பில் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்குபவனாக இருந்தேன். அப்போது அங்கே ஈய எழுத்துக் கோப்புத்தான். வைகாசிச் சடங்குக்கு ஒரு மாதம் முன்பாக, படுவான்கரையிலுள்ள ஒரு கண்ணகை அம்மன் கோயிலிலிருந்து, பதினாறு பக்கச் சிறு புத்தகம் ஒன்றை அச்சிடக் கொண்டுவந்தார்கள். பழைய கொப்பி ஒன்றில் நீல மையால் எழுதியிருந்தது. எண்ணெயும் விபூதியும் பட்டுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தலைப்பில் ‘கண்ணகை அம்மன் காவியம்’ என்றிருந்தது. உள்ளே மொத்தமே நாற்பது பாடல்கள் வரையில் இருந்திருக்கும், கதை என்று ஒன்றும் இல்லை, தாயே வா, நோய் தீர், மழை தா என்கிற வேண்டுதல்கள். நான் அப்போதுதான் உயர்தரத் தமிழ் படித்து முடித்திருந்தேன், தண்டியலங்காரம் நாக்கு நுனியில் நின்றது. நாற்பது பாடல்களுக்குக் காவியம் என்ற பெயரா என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, ‘காவியம்’ கொச்சை உருவம் என்று நானே முடிவுசெய்து, மேலட்டையிலும் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் ‘காப்பியம்’ என்று திருத்திக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. முந்நூறு பிரதிகள் அச்சாகித் தைத்து அடுக்கியும் ஆயிற்று.

புத்தகத்தை எடுத்துப்போக, அந்தக் கோயிலின் பூசகரான கட்டாடியாரே சைக்கிளில் வந்தார். வாசல் வாங்கிலில் அமர்ந்து ஒரு பிரதியை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிவிட்டு, அட்டையை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது: “என்னத்துக்கு மனே மாத்தின? காவியம் அம்மாளுக்குப் படிக்கிற. காப்பியம் பள்ளிக்கூடத்தில படிக்கிற.”

அன்று மாலை முழுதும் ‘காவியம்’ என்று தனியே அச்சிட்ட சிறு தாள்களை வெட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி, முந்நூறு அட்டைகளிலும் நானே ஒட்டினேன். உள்ளே பக்கத் தலைப்புகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. தாளுக்கான செலவை முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார், அதில் நியாயம் இருந்தது.

2024 மே 9

மே 5இல் எழுதியதில் ஒரு பிழை. சிலப்பதிகாரத்தில் காப்பியம் என்ற சொல்லே கிடையாது என்றேன். இருக்கிறது. வரந்தரு காதையில் ‘காப்பியத் தொல்குடிக் கவின்பெற வளர்ந்து’ என்று வருகிறது. அங்கே அது நூல்வகை அன்று, ஒரு குடியின் பெயர். தொல்காப்பியர், பதிற்றுப்பத்தில் நான்காம் பத்தைப் பாடிய காப்பியாற்றுக் காப்பியனார் ஆகிய பெயர்களிலும் அதே குடிப்பெயர்தான் தெரிகிறது. தொல்காப்பியம் என்ற இலக்கண நூலைப் பழைய காவியம் என்று விளக்கி மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் உண்டு என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இரட்டைக் காப்பியங்கள் என்று நாம் சேர்த்துக் கட்டும் மற்றைய நூலான மணிமேகலையில், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில், ‘நாடகக் காப்பிய நன்னூல் நுனிப்போர்’ என்று இதே சொல் நூல்வகையாகவே வருகிறது. ஒன்றில் குடி, மற்றதில் நூல். இரண்டையும் சேர்த்து ஐம்பெருங்காப்பியம் என்று சொன்னவர்கள் பிற்காலத்தவர்கள். அந்தத் தொடரை நன்னூல் உரையில் மயிலைநாதர் எடுத்தாளுகிறார். அந்த ஐந்தில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக நம் கைக்கு வரவில்லை, சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. முழுதாகக் கண்டிராத இரண்டு நூல்களைப் ‘பெரும்’ என்று கூசாமல் சொல்லும் நாம், யாழ் நூலுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கலாமா என்று ஒரு வாரமாகத் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

2024 மே 12

கட்டாடியார் சொன்ன வாக்கியத்தில் ‘படிக்கிற’ என்பது இரண்டு முறை வந்ததைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு வினைகள். நம் பக்கத்தில் பாட்டைப் படிப்பது என்றால் பாடுவது. ‘அவர் நல்லாப் படிப்பார்’ என்று ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னால் அவருக்கு எழுத்து வாசனையே இல்லாமலும் இருக்கலாம், குரல் இருக்கவேண்டும். காவியம் படிப்பதும் அப்படித்தான், உடுக்கோடும் தாளத்தோடும் அம்மாளின் முன்னால் குரலெடுத்துப் படிப்பது. பள்ளிக்கூடத்துக் காப்பியத்தை வாய் திறவாமலே படித்துச் சித்தியடைந்துவிடலாம். கட்டாடியார் ஒரே வினையால் இரண்டு உலகத்தையும் பிரித்துக் காட்டிவிட்டார், அது எனக்கு விளங்க இருபது ஆண்டுகள் ஆயின.

நம் மாவட்டங்களில் காவியம் என்ற சொல்லின் சொந்த இடம் கோயில். கண்ணகை அம்மன் மீதும் மாரியம்மன் மீதும் மற்றத் தெய்வங்கள் மீதும் காவியங்கள் இருக்கின்றன. அகவல், ஊஞ்சல், குளிர்த்தி, கும்மி என்பவற்றோடு அதுவும் ஒரு பாட்டு வகை, சடங்கில் அதற்கென்று ஒரு நேரமும் உண்டு. அம்மன் ஊர் ஊராக எழுந்தருளியதைச் சொல்லும் ஊர்சுற்றுக் காவியமும் இந்த இனமே.

இன்னும் ஒன்று. இங்கே ‘கவி’ என்றால் புலவரைச் சொல்வதில்லை. வயலிலும் வாடியிலும் நம் முஸ்லிம் ஊர்களிலும் பாடிவரும் நாலடிப் பாட்டுக்குத்தான் கவி என்று பெயர். பெரும்பாலும் காதல், சில நேரம் கேலி, மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். வடமொழியில் ஆளாக இருந்த கவி நம்மிடம் நாலு அடியாகி, கவியினுடையதாக இருந்த காவியம் நாற்பது பாட்டாகிவிட்டது. உலகமே இந்தச் சொற்களைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது நாம் அவற்றைச் சிறிதாக்கி வைத்திருந்திருக்கிறோம். எனவே கல்முனைத் தம்பிக்கு என் முடிவு: இந்த மண்ணில் காவியம் என்பது சிறு பாட்டு; அதைப் பெரும் படைப்புக்குச் சூட்டுவது நம் வழக்குக்கு எதிரானது.

2024 மே 13

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நண்பர் சீறாப்புராணத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறார். உமறுப்புலவர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடி, புராணம் என்று பெயர் வைத்தார். நாடும் நகரும் மழையும் ஆறும் வருணித்து, தண்டியாசிரியர் கேட்டதில் பெரும்பகுதியைச் செய்து கொடுத்துவிட்டு, காப்பியம் என்ற பெயரை மட்டும் எடுக்கவில்லை. சேக்கிழார் நூலும் புராணமே. கம்பரோ தம் நூலை ‘இராமாவதாரப் பேர்த் தொடை நிரம்பிய தோமறு மாக்கதை’ என்கிறார். கொங்குவேளிர் நூலுக்குப் பெயரே பெருங்கதை. செய்யுள், கதை, புராணம் என்று வகையைச் சொல்வதோடு இவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதிகம் போனால் ‘மா’ என்றோ ‘பெரு’ என்றோ ஓர் அடை. காப்பியம் என்று பட்டயம் எழுதிக் கொடுத்தவர்கள் உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் நாமும்தான்.

அடிகளாரும் அவ்வாறே செய்தார். பதினான்கு ஆண்டு உழைப்புக்கு ‘நூல்’ என்ற இரண்டெழுத்துக்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

2024 மே 16

அப்படியானால் ஒருவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய ஆக்கத்துக்குத் தமிழில் என்னதான் சொல் என்று மூவர் கேட்டுவிட்டீர்கள்.

‘படைப்பு’ என்பது இன்று எங்கும் ஓடும் நாணயம், தமிழகத்தில் படைப்பிலக்கியம் என்கிறார்கள். இலங்கையில் நாம் நெடுங்காலமாக ஆக்க இலக்கியம் என்றே எழுதிவருகிறோம். பத்திரிகைகளும் ‘ஆக்கங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்றே அறிவிக்கின்றன. இதில் எனக்குப் பிடித்த ஓர் ஒற்றுமை உண்டு. பழந்தமிழில் இரண்டு சொல்லுமே செல்வத்தைக் குறித்தவை. புறநானூற்று 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி ‘படைப்புப் பல படைத்துப் பலரோடு உண்ணும்’ என்கிறபோது அங்கே படைப்பு என்பது அவனுடைய சொத்து. ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ என்னும் குறளில் ஆக்கம் என்பது வழி கேட்டு வீடு தேடி வரும் செல்வம். இன்று எழுத்தாளன் கையில் இருக்கும் இரண்டு சொல்லும் ஒருகாலத்தில் பணக்காரன் கையில் இருந்தவை. சொல் கைமாறியது, பொருள் கைமாறவில்லை என்பதைத் தம் செலவில் புத்தகம் போட்ட எவரும் உறுதிப்படுத்துவர்.

பேராக்கம் என்று ஒரு சொல்லை நான் சில ஆண்டுகள் எழுதிப் பார்த்தேன். ஒரு கட்டுரையில் அதைக் கண்ட நண்பர் ஒருவர், யாரோ பேராசைக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று எண்ணி இரண்டு பத்தி வாசித்துவிட்டார். அதோடு விட்டேன். ‘தலைசிறந்த படைப்பு’ என்பது தேய்ந்தாலும் விளங்குகிறது. ‘வாழ்நாட் பணி’ என்பது நூலைவிட ஆளைப் புகழ்கிறது. ‘பெருநூல்’ எனக்கு ஒத்துவருகிறது, ஆனால் கேட்பவர்கள் பக்கக் கணக்கையே நினைக்கிறார்கள்.

2024 மே 17

தண்டியாசிரியர் கேட்ட வருணனைகளை வைத்து மட்டக்களப்புக்கு ஒரு பெருங்காப்பியம் எழுத முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடல் உண்டு, நாடு உண்டு, புனல்விளையாட வாவி உண்டு, தேம்பிழி மதுவுக்கும் குறைவில்லை. மலைக்கு மட்டும் குடும்பிமலையை இரண்டு மடங்காக வருணிக்கவேண்டியிருக்கும்.

2024 மே 26

இந்த வாரம் சடங்குக்குப் போனேன். போனதால் மே 12இல் எழுதிய முடிவைத் திரும்பப் பெறவேண்டியிருக்கிறது.

காவியம் என்பது இங்கே சிறு பாட்டு என்றேன். கோயிலில் அமர்ந்து ஓர் இரவு முழுவதும், கண்ணகி கதையைப் பாடும் வழக்குரையைக் கேட்டபிறகு அந்த வாக்கியம் எனக்கே வெட்கமாக இருந்தது. வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த அந்தக் கண்ணகி வழக்குரையை இங்குள்ளவர்கள் வழக்குரை காவியம் என்றே சொல்கிறார்கள், அது சிறிது அன்று. கோயில் கதவு திறந்த நாள் முதல் சடங்கை முடிக்கும் குளிர்த்தி வரையில் நாள்தோறும் பகுதி பகுதியாகப் படித்தால்தான் முடியும். சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கப்பலேறி வெடியரசனோடு போர் செய்யும் கடலோட்டு காதை இளங்கோவடிகள் அறியாத கதை. கொலைக்களக் காதையில் குரல் தாழ்கிறது, வழக்குரைத்த காதையில் எழுகிறது, குளிர்ச்சிக் காதையில் அம்மாள் குளிர்ந்தால்தான் ஊரும் குளிரும். நாற்பது பாட்டும் காவியம், இரவு பகலாக ஓடுவதும் காவியம் என்றால், நான் அளவுகோலையே தவறாகப் பிடித்திருக்கிறேன். சிறிது, பெரிது என்பது அங்கே கணக்கில் இல்லை. தெய்வத்தின் முன்னால் குரலெடுத்துப் படிப்பது காவியம். கட்டாடியார் இதைத்தான் சொன்னார், நான் அதிலிருந்து நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் சடங்கில் பாரதம் படிப்பதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். கதை தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை, தெரிந்துகொள்ள யாரும் வருவதுமில்லை.

நான் போன கோயில் அந்த 1997ஆம் ஆண்டுக் கோயில்தான். பழைய கட்டாடியார் இப்போது இல்லை. அவருடைய இடத்தில் இருப்பவர் இளையவர், கைபேசியில் ஏட்டின் படங்களை வைத்திருக்கிறார். ஆனாலும் காவியத்தின் முறை வந்தபோது மடைக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். அட்டையில் நான் ஒட்டிய தாள் பழுப்பேறி, ஒரு மூலை எழும்பி நின்றது. அவர் ஓய்ந்த நேரத்தில் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பதினாறு பக்கங்களிலும் தலைப்பில் இருந்த ‘ப்பி’யை ஒருவர் பேனையால் ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே ‘வி’ என்று எழுதியிருந்தார். எழுத்து நடுங்கியிருந்தது, ஒரு பக்கத்தைக்கூட விடவில்லை. யார் எழுதியது என்று கேட்டேன். முந்திய கட்டாடியார் எல்லாப் புத்தகத்திலும் இப்படி எழுதிய பிறகுதான் ஆட்களுக்குக் கொடுத்தார் என்றார்.

முந்நூறு பிரதி, பதினாறு பக்கம். நான் என் ஒரு மாலைப் பொழுதைப் பற்றி இங்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

2024 ஜூன் 2

கல்முனைத் தம்பி தலைப்பை மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார்: ‘யாழ் நூல்: பதினான்கு ஆண்டு ஆக்கம்’. ஆசிரியருக்கும் சம்மதமாம். நல்ல தலைப்பு.

ஆனால் மே 26க்குப் பிறகு எனக்கு இன்னொன்று தோன்றுகிறது, கட்டுரையில் இடமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூலை அரங்கேற்றியபோது, நூலின் கணக்குப்படி செய்த யாழ்களையும் அங்கே மீட்டிக் காட்டினார்கள். அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகளார் மறைந்தார். கோயிலில், தெய்வ சந்நிதியில், இசையோடு அரங்கேறிய நூல் அது. கட்டாடியார் இருந்திருந்தால் அதற்கு எந்தச் சொல்லைக் கொடுத்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் முதல் தலைப்பை நான் பிழை என்று எழுதிய இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள், ஒரு கோடு போதும்.